கிரகணம் என்ன செய்யும், பாவம்

"மருமக கிரகணத்தன்னைக்கு வெளியில வந்துட்டா தம்பி. அதனாலதான் பேரனுக்கு ஒரு கண்ணு சின்னதாப் போச்சுன்னு வீட்டுல பேசிக்கறாங்க. மெய்யா?"

அந்தமானில், அபர்டீன் பஜார் டீக்கடையில் இப்படிக் கேட்டவர் டிக்லிபூர்க்காரர். குழந்தையைப் பெரியாஸ்பத்திரியில் காட்டிவிட்டு, மறுநாள் காலை பஸ்ஸுக்காகத் தங்கியிருந்தார். கிரகணம் எத்தனையாவது மாதத்தில் வந்தது என்று கேட்டேன். ஏழாவது மாதமாம்.

அப்படியானால் கிரகணத்தை விட்டுவிடலாம் ஐயா. கண் அதற்கு வெகு முன்பே உருவாகிவிட்டது.

கரு உண்டான ஏறக்குறைய 22-ஆம் நாளிலேயே, மூளையாகப்போகும் பகுதியில் கண்ணுக்கான இரண்டு பள்ளங்கள் விழுந்துவிடும். நாலாவது வாரத்தில் அவை குமிழாகப் புடைக்கும். பிறகு உள்வாங்கிக் கிண்ணமாகும். கிண்ணத்தின் அடியில் ஒரு பிளவு இருக்கும். ஆறு, ஏழு வாரத்துக்குள் அது மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால், அடித்தையல் விட்டுப்போன பை மாதிரி, உள்ளே நீரின் அழுத்தம் நிற்பதில்லை; கண் பெருக்காது. சில குழந்தைகளுக்குக் கண்ணின் கறுப்பு வட்டம் கீழே பிளந்தாற்போல் தெரிவது அந்தப் பிளவின் மிச்சம்தான். இத்தனையும் தொடங்கும்போது, பல பெண்களுக்கு நாள் தள்ளிப்போனதே அப்போதுதான் தெரியவந்திருக்கும்.

பிறந்த குழந்தையின் கண், முன்னிருந்து பின்வரை சுமார் 17 மி.மீ. வளர்ந்தவர்களுக்கு 24. வயதுக்குரிய அளவைவிட மிகவும் குறைந்திருந்தால் மைக்ரோஃப்தால்மியா என்பார்கள். ஸ்கேனில் அளந்துதான் உறுதி செய்ய வேண்டும். இமை சரிந்திருந்தாலும் கண் சின்னதாகத்தான் தோன்றும்.

அந்த ஆரம்ப வாரங்களில் வேலை ஏன் தடுமாறுகிறது? பெரிய பங்கு மரபணுக்களுடையது. சாக்ஸ்2 என்ற மரபணுவில் வரும் மாற்றம் பெரும்பாலும் கருவில் புதிதாக நேர்வது. அப்பா, அம்மா இருவரிடமும் இருக்காது. வேறு சில மரபணுக்களில், இரு பக்கமிருந்தும் பழுதான பிரதி வந்து சேர்ந்தால்தான் கோளாறு. சொந்தத்துக்குள் கட்டும்போது அப்படிச் சேரும் வாய்ப்பு கூடும்.

பெரியவர் கிளாசைக் கீழே வைத்தார். மருமகள் அவருடைய தங்கை மகள்.

உறவில் கட்டிய பெரும்பாலானோருக்கு நல்ல பிள்ளைகள்தான் பிறக்கின்றன என்றேன். இங்கே காரணம் அதுதானா என்பதை மரபணுச் சோதனைதான் சொல்ல முடியும். சில நேரம் அதற்கும் பிடிபடாது. ஆனால் அதுவே காரணமாக இருந்தாலும் இருவரும் பாதிப்பாதி கொடுத்ததுதானே? மருமகளை மட்டும் கூண்டில் நிறுத்துவது என்ன நியாயம்?

அடுத்தது ரூபெல்லா. லேசான காய்ச்சல், உடம்பில் கொஞ்சம் சிவப்புப் பொரி, மூன்றே நாளில் போய்விடும். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் வந்தால் மட்டும் கதை வேறு. 1941-இல் சிட்னி கண் மருத்துவர் நார்மன் கிரெக், பிறவிக் கண்புரையோடு வந்த 78 குழந்தைகளைப் பற்றி எழுதினார். அவர்களில் 68 பேரின் தாய்மாருக்குக் கர்ப்பத்தில் இந்த நோய் வந்திருந்தது. பல குழந்தைகளுக்குக் கண்ணும் சிறுத்திருந்தது. பெரியாஸ்பத்திரி டாக்டர் பேரனின் காதையும் இதயத்தையும் சோதிக்கச் சொன்னாராம். அதனால்தான்; ரூபெல்லா அவற்றையும் விடுவதில்லை.

வைட்டமின் ஏ-யின் கதை விசித்திரமானது. 1930-களில் டெக்சஸில் ஃபிரெட் ஹேல் என்பவர் ஒரு தாய்ப்பன்றிக்கு அந்தச் சத்து இல்லாத தீனி கொடுத்துப் பார்த்தார். ஈன்ற 11 குட்டிகளுக்கும் கண்விழியே இல்லை. அளவு மீறினாலும் ஆபத்துதான்: முகப்பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை அந்த வைட்டமினின் உறவு; கர்ப்பிணிகள் தொடவே கூடாது. மதுவும் இந்தப் பட்டியலில் உண்டு.

இந்தியாவில் ஒன்பது மாநிலப் பார்வையற்றோர் பள்ளிகளில் 1,318 பிள்ளைகளைப் பரிசோதித்த ஆய்வு ஒன்று 1995-இல் வெளியானது. அவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் காரணம், கண் சிறுத்தோ இல்லாமலோ பிளவுபட்டோ பிறந்ததுதான்.

கலியாணத்துக்கு நிற்கும் இளைய மகளுக்கு என்ன செய்யலாம் என்று பெரியவர் கேட்டார். ரூபெல்லா தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கலியாணத்துக்கு முன்பே போட்டுவிடலாம். கர்ப்பத்தில் அதைப் போடமாட்டார்கள். போட்டபின் ஒரு மாதமாவது கரு தரிக்கக் கூடாது.

பேரன் விஷயம்தான் அவசரம். சிறுத்த கண்ணைப் பெரிதாக்க மருந்து கிடையாது. ஆனால் அதில் கொஞ்சம் பார்வை இருக்கலாம். இருந்தால் கண்ணாடியும் பயிற்சியும் உதவும். கண் மிகச் சிறியதென்றால் கண்குழியும் வளராது, அந்தப் பக்கத்து முகமே ஒடுங்கும். அதைத் தடுக்கச் சின்ன அச்சு ஒன்றைக் குழியில் பொருத்தி, குழந்தை வளர வளரப் பெரிதாக மாற்றிக்கொண்டே வருவார்கள். முதல் மாதங்களிலேயே தொடங்கினால்தான் பலன். அதற்காகச் சென்னைக்குப் போகச் சொல்லியிருக்கிறார்களாம். கப்பலில் மூன்று நாள் ஆகும், பொங்கலுக்கு எப்படியும் ஊருக்குப் போவோம், அப்போது பார்த்துக்கொள்ளலாமா என்றார். வேண்டாம் ஐயா, அடுத்த கப்பலுக்கே டிக்கெட் பாருங்கள் என்றேன்.