நான்கு மரபணுக்கள்

ஒருமுறை தோலாகிவிட்ட உயிரணு தோலாகவே இருந்து மடியும் என்பது ஜீவசாஸ்திரிகள் வெகுகாலம் ஐயமின்றி நம்பிவந்த சித்தாந்தம். 1962-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு ஜான் கர்டன், தலைப்பிரட்டையின் குடலணுவிலிருந்து உட்கருவை எடுத்து, உட்கரு அழிக்கப்பட்ட தவளை முட்டையில் புகுத்தி, அதிலிருந்து புதிய தலைப்பிரட்டைகள் உருவாகக் கண்டபோது அந்தச் சித்தாந்தம் ஆட்டங்கண்டது.

அதே ஆண்டில் ஜப்பானில் பிறந்த ஷின்யா யாமனாக்கா, எலும்பு மருத்துவராகப் பயின்று, பின்னர் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியில் அமர்ந்து, ஆதி உயிரணுவின் (ஸ்டெம் செல்) தன்மையைக் காப்பவை எனத் தாம் கருதிய 24 மரபணுக்களைத் தேர்ந்தெடுத்தார். அவை அனைத்தையும் சுண்டெலியின் தோலணுக்களில் ஒருசேரச் செலுத்தியபோது சில அணுக்கள் ஆதிநிலைக்குத் திரும்பின. எது இன்றியமையாதது என்பதை அறிய, அவருடைய சகா கசுதோஷி தகஹாஷி ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் விலக்கிப் பரிசோதித்துக்கொண்டே போக, இறுதியில் நான்கே எஞ்சின. 2006-இல் வெளியான இம்முடிவு மறு ஆண்டே மனித அணுக்களிலும் மெய்ப்பிக்கப்பட்டது. 2012-இல் கர்டனும் யாமனாக்காவும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

ஆயினும் அந்த நான்கில் ஒன்றான சி-மிக், புற்றுநோயோடு தொடர்புடையது. ஆதிநிலைக்குத் திரும்பிய அணுக்களின் வழியே பிறந்த சுண்டெலிகளுள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குக்குக் கட்டிகள் தோன்றின. அம்மரபணுவை விலக்கியும் காரியம் கைகூடும் என்பதை அதே குழுவினர் பிறகு நிறுவினர். சுண்டெலிகள் தந்த இந்த எச்சரிக்கை கிடைத்திராவிடில், அக்கட்டிகள் நோயாளிகளின் தேகத்தில் அல்லவா தோன்றியிருக்கும்!

2014-ஆம் ஆண்டு கோபே நகரில், முதுமையால் விழித்திரையின் நடுப்பகுதி நலிந்த ஒரு மூதாட்டிக்கு, அவருடைய தோலணுக்களையே ஆதிநிலைக்குத் திருப்பி அவற்றிலிருந்து வளர்த்த, மூன்று மில்லிமீட்டர் நீளமும் ஒன்றேகால் மில்லிமீட்டருக்குச் சற்று மிகுந்த அகலமும் கொண்ட மெல்லிய படலம் கண்ணுக்குள் பதிக்கப்பட்டது. எலிகளிலும் குரங்குகளிலும் சோதித்த பின்னரே மசாயோ தகஹாஷியின் குழுவினர் இதற்குத் துணிந்தனர். ஓராண்டு கழித்தும் படலம் நிலைத்திருந்தது. கட்டி எதுவும் எழவில்லை. பார்வை கூடவுமில்லை, குன்றவுமில்லை. இரண்டாம் நோயாளிக்கென வளர்த்த அணுக்களில் மரபணு மாறுதல்கள் தென்பட்டமையால், அவருக்குச் செய்யவிருந்த சிகிச்சை நிறுத்தப்பட்டது.

ஆயத்தமாக இருந்த சிகிச்சையை நிறுத்திய அந்த நேர்மையே இத்துறையின் மெய்யான பெருமை என்பேன். வாய்பேசாப் பிராணிகளை நம் நலனுக்காகத் துன்புறுத்தும் உரிமையை நாம் எடுத்துக்கொண்ட பிறகு, அவற்றால் அறிந்ததைப் புறக்கணிப்பது இருமடங்கு பாவமாகும். ஆகவே, ஸ்டெம் செல் ஊசியால் தீராத வியாதியும் தீரும் என விளம்பரம் செய்வோரிடம் பணத்தைக் கொடுக்குமுன், எந்தப் பிராணியில் எவ்வளவு காலம் சோதித்தீர்கள், கட்டி எழுந்ததா, அம்முடிவுகளை எங்கே வெளியிட்டீர்கள் என்று ஒவ்வொரு நோயாளியும் கேட்க வேண்டும். விடை கூற மறுப்பவரிடம் தேகத்தை ஒப்படைத்தல் ஆகாது.