மறுவாழ்வும் மேய்ப்பரின் பணியும்

விபத்தினால் உடல் முடங்கியவரைக் காணச் செல்லும் போதகர்களாகிய நாம் பெரும்பாலும் இரண்டு தவறுகளுள் ஒன்றைச் செய்துவிடுகிறோம். விசுவாசமிருந்தால் எழுந்து நடப்பீர் என்று வாக்களிப்பது ஒன்று. இது தேவசித்தம், பொறுத்துக்கொள்ளும் என்று சொல்லி, ஜெபித்துத் திரும்பிவிடுவது மற்றொன்று. முன்னது, சுகம் கிட்டாதபோது விசுவாசக் குறைவு என்னும் பழியை நோயுற்றவர் மீதே சுமத்துகிறது. பின்னது, அவருடைய வாழ்வு முடிந்துவிட்டதென நாமே ஒப்புக்கொள்வதாகும். இவ்விரண்டுமல்லாத வழி ஒன்று உண்டு என்பதை வேலூரில் நிகழ்ந்த ஒரு வரலாறு நமக்குக் காட்டுகிறது.

டாக்டர் மேரி வர்கீஸ் 1925-ஆம் ஆண்டு கேரளத்தில் பிறந்தவர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்று, பெண்நோய் மருத்துவத்தில் தேர்ச்சி பெற எண்ணியிருந்தார். 1954-இல் அவர் சென்ற வாகனம் கவிழ்ந்தது. முகம் காயமுற்றது, முதுகுத் தண்டுவடம் சேதமுற்றதால் கால்கள் செயலிழந்தன. முறிந்த எலும்பு கூடும். சிதைந்த தண்டுவடமோ அவ்வாறு கூடுவதில்லை. ஆகவே, பழைய வாழ்வுக்குத் திரும்பும் வழி அவருக்கு அடைபட்டது.

அப்பொழுது அறுவை மருத்துவர் பால் பிராண்ட் அவருக்கு ஒரு வழியைச் சுட்டினார். தொழுநோயாளரின் கைகளைச் சீராக்கும் அறுவைச் சிகிச்சையை அமர்ந்தவாறே செய்யலாம் என்பதே அது. சக்கர நாற்காலியிலிருந்தே அவர் அதனைச் செய்தார். அந்தச் சிகிச்சையின் முறையை நாம் கவனிக்க வேண்டும். நரம்பு பழுதானதால் செயலற்ற தசையை மருத்துவர் உயிர்ப்பிப்பதில்லை. நலமாயுள்ள வேறொரு தசையின் நாணை இடம் மாற்றி இணைத்து, இழந்த தசையின் வேலையை அதற்குக் கொடுக்கிறார். பின்னர் நோயாளி வாரக்கணக்கில் பயின்று, அந்தப் புதிய வேலைக்குத் தம் கையைப் பழக்குகிறார். மேரி வர்கீஸின் வாழ்வில் நிகழ்ந்ததும் இதுவே. இழந்தது திரும்பவில்லை, எஞ்சியது புதிய பணிக்குத் திருப்பப்பட்டது.

அவர் அத்துடன் நின்றுவிடவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தாமே மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார். நியூயார்க்கில் அத்துறையைக் கற்றார். திரும்பி வந்து வேலூரில் அத்துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையம் உருவாயிற்று. 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 1986-இல் மறைந்தார்.

திருமறையும் இவ்வாறே பேசுகிறது. மேவிபோசேத் அரச பந்தியில் அமர்ந்தபோதும் அவனுடைய கால்கள் குணமாகவில்லை என்பதை 2 சாமு. 9 மறைக்காமல் கூறி முடிக்கிறது. தாவீது அவனுடைய கால்களைக் குணமாக்கவில்லை, இடத்தை மாற்றினான். பவுலின் முள்ளும் நீக்கப்படவில்லை (2 கொரி. 12), ஆயினும் அவருடைய ஊழியம் நிற்கவில்லை.

ஆகையால் நோயுற்றவரிடம் நாம் கேட்கத்தக்க கேள்வி, எதை இழந்தீர் என்பதன்று. உம்மிடம் இருப்பதைக் கொண்டு நாம் சேர்ந்து என்ன செய்யலாம் என்பதே. இதை விபத்து நேர்ந்த முதல் வாரத்தில் கேட்பது கொடுமையாகும். அப்பொழுது அவரோடு அழுவதே ஊழியம். ஆனால், பார்க்க வருவோர் குறைந்துபோகும் ஆறாவது மாதத்தில் இதைக் கேளாமலிருப்பது அதனினும் கொடுமை. அவர் பதில் கூறும் நாளில், நம் ஆலய வாசலில் படிகள் மட்டுமே இருக்குமாயின், நாம் கேட்ட கேள்வி பொய்யாகிவிடும். சக்கர நாற்காலி ஏறத்தக்க சாய்தளம் ஒன்றை அமைப்பதும், வேதபாடம் நடத்தவும் சபைக் கணக்கைப் பேணவும் அவரை அழைப்பதும் இரக்கச் செயல்கள் அல்ல. அவருக்குரிய இடத்தை அவருக்குத் திரும்ப அளிப்பதேயாகும்.