தாயின் தொழிலும் பிறவிக் குறைபாடுகளும்

கருவுற்ற காலத்தில் தாய் செய்யும் தொழிலுக்கும் குழந்தையின் பிறவிக் குறைபாடுகளுக்கும் இடையிலான தொடர்பு, நோய்ப்பரவலியலின் ஆய்வுப் பொருள்களுள் ஒன்றாகும். பணியிடத்தில் எதிர்கொள்ளும் வேதிப்பொருள்கள், கதிர்வீச்சு, தொற்று, கடின உழைப்பு ஆகியன குழந்தையின் உடலமைப்பைப் பாதிக்கின்றனவா என்பதைத் தனியொருவரைக் கொண்டன்றிப் பெருந்தொகையான பிறப்புகளைக் கொண்டு இது ஆராய்கிறது.

பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய நூற்றுக்கு 3 பேருக்குக் குறிப்பிடத்தக்க பிறவிக் குறைபாடு காணப்படுகிறது. பிறவிக் குறைபாடுகளால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 2,40,000 குழந்தைகள் பிறந்த 28 நாட்களுக்குள் இறப்பதாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டுள்ளது. மரபணு, தொற்று, ஊட்டக்குறை, மருந்துகள் எனப் பல காரணங்கள் அறியப்பட்டிருப்பினும், பெரும்பாலான குழந்தைகளில் தனியொரு காரணத்தைச் சுட்ட இயல்வதில்லை.

காலத்தின் முக்கியத்துவம்

கருவின் முதன்மை உறுப்புகள் கருத்தரித்த 3ஆம் வாரம் முதல் 8ஆம் வாரம் வரையில் உருவாகின்றன. மூளையும் தண்டுவடமும் தோன்றும் நரம்புக்குழாய் ஏறக்குறைய 28ஆம் நாளில் மூடிக்கொள்கிறது. அந்நாளில் தாய்க்கு மாதவிடாய் தவறி இரண்டு வாரங்களே ஆகியிருக்கும். தான் கருவுற்றிருப்பதை அவர் அறியாதிருக்கவும் கூடும். ஆகவே, கருவுற்றதைத் தெரிவித்த பின்னர் வேறு பணிக்கு மாற்றும் ஏற்பாடு, உறுப்பாக்கக் குறைபாடுகளைப் பொறுத்தவரை பெரும்பாலும் காலம் கடந்ததாகவே அமைகிறது. மூளை வளர்ச்சி பேறுகாலம் வரை தொடர்வதால், பிற்காலப் பாதுகாப்பும் தேவையானதே.

வரலாறு

வெளிப்பொருள்களின் தீங்கிலிருந்து நச்சுக்கொடி கருவைக் காக்கிறது என்ற கருத்து 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பரவலாக நிலவியது. 1941இல் ஆத்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், தாய்க்கு ஏற்பட்ட ருபெல்லா நோய்க்கும் குழந்தையின் பிறவிக் கண்புரைக்கும் உள்ள தொடர்பை அறிவித்தார். 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு மருந்து, 1961இல் அங்கு திரும்பப் பெறப்படுவதற்குள் பல நாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகளின் கைகால்கள் குறைபட்டுப் பிறக்கக் காரணமாயிற்று.

இதன் பின்னர்ப் பிறவிக் குறைபாடுகளைத் தொடர்ந்து பதிவு செய்யும் அமைப்புகள் பெருகின. அமெரிக்காவின் அட்லாண்டா நகரப் பதிவேடு 1967இலும், ஐரோப்பியப் பதிவேடுகளின் வலையமைப்பான யூரோகேட் 1979இலும் தொடங்கப்பட்டன.

ஆய்வு முறைகள்

நோயர்-கட்டுப்பாட்டு ஆய்வு: குறைபாட்டுடன் பிறந்த குழந்தைகளின் தாய்மாரும், குறைபாடின்றிப் பிறந்த குழந்தைகளின் தாய்மாரும் ஒப்பிடப்படுகின்றனர். அரிய குறைபாடுகளை ஆராய இம்முறை ஏற்றது. காட்டாக, உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் ஏறக்குறைய 700 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் காணப்படுகின்றன. 10,000 தாய்மாரைப் பின்தொடர்ந்தாலும் 14 குழந்தைகள் அளவிலேயே கிடைக்கும்.

பின்தொடர் ஆய்வு: பணியிடப் பாதிப்புக்கு உள்ளான, உள்ளாகாத கருவுற்ற பெண்களைப் பேறுகாலம் வரை பின்தொடர்வது. குழந்தை பிறக்கும் முன்பே தொழில் விவரம் பதியப்படுவது இதன் சிறப்பாகும்.

இரு முறைகளிலும் சில இடர்கள் உள்ளன:

* குறைபாடுள்ள குழந்தையைப் பெற்ற தாய் ஒவ்வொரு நாளையும் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்திருப்பார். மற்றத் தாய் மறந்திருப்பார். இது நினைவுகூரல் பிழை எனப்படும்.
* பணியின் பெயர் மட்டும் உண்மையான பாதிப்பைக் காட்டாது. "ஆய்வகப் பணியாளர்" என்போருள் கரைப்பானைக் கையாள்பவரும் உண்டு, கணக்கு எழுதுபவரும் உண்டு.
* வருவாய், உணவு, புகைப்பழக்கம், ஃபோலிக் அமிலக் குறை ஆகியன தொழிலோடு சேர்ந்தே மாறுபடுவதால் முடிவைத் திரிக்கலாம்.
* கருச்சிதைவில் முடிந்த கருக்கள் பிறப்புப் பதிவேட்டில் இடம்பெறுவதில்லை.

முக்கிய ஆய்வுகள்

1967இல் சோவியத் ஒன்றியத்தில், பெண் மயக்கவியல் மருத்துவர்களின் 31 கருத்தரிப்புகளில் 18 கருச்சிதைவில் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறிய ஆய்வாயினும், அறுவை அறைகளின் காற்றில் கலக்கும் மயக்க வாயுக்களை அகற்றும் அமைப்புகள் பரவ இத்தகைய ஆய்வுகள் தூண்டுகோலாயின.

1997இல் வெளியான ஐரோப்பிய ஆய்வொன்று, குறைபாடுள்ள 984 குழந்தைகளின் தாய்மாரையும் 1,134 கட்டுப்பாட்டுத் தாய்மாரையும் ஒப்பிட்டது. கிளைக்கால் ஈதர்கள் என்னும் கரைப்பான்களுக்கு உள்ளானோரிடம் வாய்ப்பு விகிதம் 1.44 என அது கண்டது. இதன் பொருள் நூற்றில் 44 குழந்தைகள் பாதிக்கப்படுவர் என்பதன்று. நூற்றுக்கு 3 என்ற பொது அளவோடு பொருத்தினால், அது நான்கைச் சற்றே கடக்கும்.

1999இல் வெளியான கனடிய பின்தொடர் ஆய்வில், கரிமக் கரைப்பான்களைக் கையாண்ட 125 பெண்களின் குழந்தைகளில் 13 பேருக்கும், கையாளாத 125 பெண்களின் குழந்தைகளில் ஒருவருக்கும் பெருங்குறைபாடு இருந்தது. அந்தப் 13 பேரில் 12 பேரின் தாய்மார், பணியின்போது கரைப்பானால் உடல் உபாதைகளை உணர்ந்தவர்கள்.

எல்லா ஐயங்களும் உறுதியாவதில்லை. 1980களில் கணினித் திரைகள் கருவைப் பாதிக்கும் என்ற அச்சம் பரவியது. 1991இல் வெளியான அமெரிக்கத் தொலைபேசி இயக்குநர்கள் பற்றிய ஆய்வில், திரையைப் பயன்படுத்தியோரிடமும் பயன்படுத்தாதோரிடமும் கருச்சிதைவு வீதம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது.

பாதுகாப்பும் உரிமையும்

கருவைக் காக்கப் பெண்களையே பணியிலிருந்து நீக்கலாம் என்ற வாதமும் எழுந்துள்ளது. அமெரிக்க மின்கல நிறுவனமான ஜான்சன் கன்ட்ரோல்ஸ், 1982இல், கருத்தரிக்க இயலாதவர் என்று மருத்துவச் சான்று தராத பெண்கள் அனைவரையும் ஈயப் பணிகளிலிருந்து விலக்கியது. 1991இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இதனைப் பாலினப் பாகுபாடு எனத் தீர்ப்பளித்தது. ஈயம் ஆண்களின் இனப்பெருக்கத் திறனையும் பாதிக்கும் என்ற சான்றையும் தீர்ப்பு சுட்டிக்காட்டியது.

தென் கொரியாவின் ஜெஜு தீவில் 2009இல் கருவுற்ற மருத்துவமனைச் செவிலியர்களுள் நால்வருக்குப் பிறவி இதயக் குறைபாடுள்ள குழந்தைகள் பிறந்தன. கருவுக்குத் தீங்கு செய்யக்கூடியவை உள்ளிட்ட மாத்திரைகளைப் பொடிப்பது அவர்களின் பணிகளுள் ஒன்றாக இருந்தது. பத்தாண்டுகளுக்குப் பின், 2020இல், கருவுக்கு நேர்ந்த தீங்கும் தாயின் பணிசார் பாதிப்பே என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏற்றது. இதற்கேற்பத் திருத்தப்பட்ட இழப்பீட்டுச் சட்டம் 2023இல் நடைமுறைக்கு வந்தது.

உறுப்பாக்கம் தாய் அறியுமுன்னரே தொடங்கிவிடுவதால், நச்சுப்பொருளை மாற்றுதல், காற்றோட்டம் அமைத்தல், மூடிய கருவிகளில் கையாளுதல் என எல்லாப் பணியாளர்க்கும் பணியிடத்தையே தூய்மையாக்குவது முதன்மைத் தடுப்பு முறையாகக் கருதப்படுகிறது.

இவற்றையும் பார்க்க

* நோய்ப்பரவலியல்
* நரம்புக்குழாய்க் குறைபாடு
* ஃபோலிக் அமிலம்
* தாலிடோமைடு