துங்கநாதர் மலையும் மலர்ப் புல்வெளியும்

தேவாரப் பாடல் பெற்ற வடநாட்டுத் தலங்களுள் ஒன்று திருக்கேதாரம். திருஞானசம்பந்தரும் சுந்தரரும் அத்தலத்திற்குப் பதிகம் அருளியுள்ளனர். அங்குச் செல்லும் அடியார்கள் பயணத்தில் ஓரிரு நாள்களைக் கூட்டிக்கொண்டால், அதற்குத் தென்கிழக்கே எழுந்தருளியுள்ள துங்கநாதரையும் தொழுது வரலாம்.

துங்கம் என்னும் வடசொல் உயரத்தைக் குறிக்கும். பஞ்ச கேதாரத் தலங்களுள் மிக உயரமானது இதுவே என்பர். உயர்ந்த மலைத்தோளில் அமைந்துள்ளது. பாரதப் போருக்குப் பின் உறவினரைக் கொன்ற பழி தீரப் பாண்டவர்கள் சிவபெருமானைத் தேடி வந்தனர் என்றும், பெருமான் காளை உருக்கொண்டு நிலத்துள் மறைந்தார் என்றும் தலபுராணம் கூறும். திமில் கேதாரத்திலும், புயங்கள் துங்கநாதத்திலும், நாபி மத்யமகேசுவரத்திலும், முகம் ருத்ரநாதத்திலும், சடை கல்பேசுவரத்திலும் வெளிப்பட்டன என்பது மரபு.

உத்தராகண்ட மாநிலத்தில், ஊகிமடத்திலிருந்து கோபேசுவரம் செல்லும் மலைச்சாலையில் உள்ள சோப்தா என்னும் சிற்றூரே ஏற்றத்தின் தொடக்கம். அங்கிருந்து திருக்கோயிலுக்கு ஏறத்தாழ மூன்றரை கிலோமீட்டர். கல் பாவிய பாதை. முதலில் வழி காட்டினுள் செல்கின்றது. புரான்ஸ் என்று அங்குள்ளோர் அழைக்கும் மரம் வேனிலில் செந்நிறப் பூக்களைச் சொரிந்து நிற்கும். நீலகிரியிலும் பழனிமலையிலும் பூக்கும் காட்டுப் பூவரசிற்கு அது நெருங்கிய உறவு.

சற்று ஏறியதும் மரங்கள் ஓர் எல்லையில் நின்றுவிடுகின்றன. அதற்கு மேல் புல்வெளிதான். மலைமக்கள் இதனைப் புக்யால் என்பர். மே மாதத்தில் பனி உருகிய ஈரத்திலிருந்தே ஊதா நிறப் பிரிமுலா மலர்கள் தலைகாட்டுகின்றன. அதன்பின் மஞ்சளும் வெண்மையும் நீலமுமாகப் பல மலர்கள் முறைமுறையாகப் பூத்து, சூலை, ஆகத்து மாதங்களில் சரிவு முழுவதும் நிறைந்துவிடும். ஆயின் அந்நாள்களில் மழையும் மூடுபனியும் சிகரங்களை மறைத்துவிடுவதுண்டு. சிகரக் காட்சி வேண்டுவோருக்கு மே, சூன் அல்லது அக்டோபர் ஏற்றது. இரண்டும் ஒருங்கே வாய்ப்பது அரிது.

இம்மலர்களைக் கண்ட அடியார் உள்ளத்தில், ஒரு பிடி பறித்துப் பெருமானுக்குச் சாத்தலாமே என்ற எண்ணம் எழுவது இயல்பு. நந்தவனத்தில் பூக்கொய்து தொண்டு செய்யும் மரபினருக்கு இதில் தவறு தோன்றாது. ஆனால் நந்தவனம் வேறு, இம்மலை வேறு. இங்குள்ள செடிக்கு முளைக்கவும் பூக்கவும் விதைக்கவும் கிடைப்பது ஐந்து மாதங்களே. எஞ்சிய காலம் குளிரும் பனியும். விதை விழுமுன் பூவைப் பறித்தால் அவ்வாண்டின் விதை அற்றுப்போகின்றது.

மலைமக்கள் இதனை முன்பே அறிந்திருந்தனர். உயர்ந்த பாறைச் சரிவுகளில் பூக்கும் பிரம்மகமலத்தைச் சிவபெருமானுக்குச் சாத்துவது அவர்தம் வழக்கம். எனினும் ஆவணி, புரட்டாசியை ஒட்டி வரும் நந்தாட்டமிக்கு முன் அதனைப் பறித்தல் ஆகாது என்பது அவர்கள் கட்டுப்பாடு. அதற்குள் பெரும்பாலான விதைகள் முற்றிவிடுகின்றன. புல்வெளியில் உரத்துப் பேசினாலும் பளிச்சென்ற ஆடை உடுத்தாலும் மலைத்தேவதைகள் கவர்ந்து சென்றுவிடுவர் என்ற அச்சமும் அவர்களிடையே உண்டு. (நம் ஊர் வீடுகளில் இரவில் மலர்ந்து பிரம்மகமலம் எனப்படுவது அமெரிக்கக் கண்டத்துக் கள்ளி இனம், இமயத்துச் செடி அன்று.)

நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அதிவிடயமும் கடுகுரோகிணியும் சடாமாஞ்சிலும் இத்தகைய இமயப் புல்வெளிகளுக்கு உரியவையே. இவற்றின் நிலத்தடிப் பகுதியே மருந்தாதலின், அகழ்ந்தெடுக்கும்போது செடியே அழிகின்றது. அளவின்றி அகழ்ந்ததால் இவை அருகிவிட்டன. கடுவால் பல்கலைக்கழகத்தினர் துங்கநாதத்தில் களநிலையம் அமைத்து உயர்மலைத் தாவரங்களை ஆராய்ந்து வருகின்றனர்.

குறுக்குவழியும் தீங்கானதே. வளைந்து செல்லும் பாதையை விட்டுப் பலர் புல்மேல் ஏறினால், வேர்ப்பிடிப்பு தளர்ந்து, மழைநீர் அவ்வடிச்சுவட்டையே ஓடையாக்கி மெல்லிய மண்ணை அரித்துச் செல்லும். 2018ஆம் ஆண்டு உத்தராகண்ட உயர்நீதிமன்றம் இப்புல்வெளிகளில் இரவு தங்குவதற்குத் தடை விதித்தது.

திருக்கோயில் சிறிய கற்றளி. மக்குமடம் என்னும் ஊரைச் சேர்ந்த மைதானி குலத்து அந்தணர்கள் பூசை செய்கின்றனர். தரிசனம் முடித்தபின் மேலும் ஒன்றரை கிலோமீட்டர் செங்குத்தாக ஏறினால் சந்திரசிலை என்னும் முகடு வரும்.  சந்திரன் தவமிருந்த இடம் என்பர். இராமபிரான் தவமிருந்ததாகவும் கூறுவர். மேகமற்ற காலையில் நந்தாதேவி, திரிசூலம், சௌகம்பா, கேதார சிகரம் ஆகியன வெள்ளி மதில்போல் வரிசையாகத் தெரியும். ஒரு புறத்து நீர் மந்தாகினிக்கும் மறுபுறத்து நீர் அலகநந்தாவுக்கும் செல்கின்றது.

நண்பகலில் மேகம் சூழ்ந்துகொள்ளும் ஆதலின் விடியலிலேயே புறப்படுதல் நலம். காற்று மெலிந்த உயரமாகையால் முதியோரும் இதயநோய் உடையோரும் மருத்துவரைக் கேட்டே ஏற வேண்டும். மூச்சு வாங்கினால் அமர்ந்து, இளைப்பாறி, மெல்ல ஏறலாம். தலைவலியோ மயக்கமோ மிகுந்தால் உடனே இறங்கிவிட வேண்டும்.

தீபாவளியை ஒட்டிய நாள்களில் நடை சாத்தப்பட்டு, உற்சவ மூர்த்தி இதே புல்வெளி வழியாகப் பல்லக்கில் மக்குமடத்திற்கு எழுந்தருள்கின்றார். அடுத்த வேனிலில் பெருமான் மீண்டும் மலையேறும் வரை அங்கேயே பூசைகள் நடைபெறுகின்றன.