இணையத்தில் தேடுவோர் கவனத்திற்கு



பக்கத்து வீட்டில் கேட்கக் கூச்சப்படுவதைக்கூட இன்று கைத்தொலைபேசியிடம் கேட்டுவிடுகிறோம். நோய், அடகு, கடன், வெளிநாட்டு வேலை என்று எல்லாம் அதில்தான் தேடுகிறோம். நாம் கேட்டது யாரிடம் போகிறது என்று யோசித்தோமா?

கூகுள் நிறுவனம் நாம் தேடும் சொற்களைப் பதிந்து வைத்து, அதற்கேற்ற விளம்பரங்களைக் காட்டுகிறது. இது பிடிக்காதவர்களுக்கு வேறு தேடுபொறிகளும் உண்டு. 2008இல் அமெரிக்காவில் தொடங்கிய டக்டக்கோ, தேடுகிறவர் யார் என்று பதிந்து வைப்பதில்லை என்கிறது. நெதர்லாந்தின் ஸ்டார்ட்பேஜ், நம் அடையாளத்தை நீக்கிவிட்டு, கேள்வியை மட்டும் கூகுளிடம் கொடுத்து விடை வாங்கித் தருகிறது. இரண்டும் இலவசம். இவையும் விளம்பரத்தில்தான் பிழைக்கின்றன. ஆனால் ஆளைப் பார்த்து அல்ல, தேடிய சொல்லைப் பார்த்து விளம்பரம் போடுவதாகச் சொல்கின்றன.

சொன்னதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. டக்டக்கோவின் பிரவுசர் செயலி, பிற தளங்களில் நம்மைப் பின்தொடரும் மைக்ரோசொப்ட் நிரல்களைத் தடுக்காமல் விட்டது 2022 மே மாதத்தில் தெரியவந்தது. இரு நிறுவனங்களுக்கும் இடையிலான ஒப்பந்தமே காரணம். எதிர்ப்பு கிளம்பிய பிறகு, ஆகஸ்டில் அவற்றையும் தடுக்கப்போவதாக அறிவித்தார்கள்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. மட்டக்களப்புப் பக்கம் சொந்தக்காரரைப் பார்க்கப் போய், குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் 'பாதை' என்னும் படகில் வாவியைக் கடந்தவர்களுக்கு இது விளங்கும். பேர் ஊர் கேட்காமல் அக்கரையில் இறக்கிவிடுவார்கள். ஆனால் அங்கே நாம் போகும் வீட்டுக்காரர் நல்லவரா என்பதற்குப் பாதைக்காரர் பொறுப்பில்லை. தேடுபொறியும் அப்படித்தான். ரகசியம் காக்கும் தேடுபொறியும் போலி முகவரைக் காட்டலாம்.

அப்படி ஒரு முகவருக்குக் கடவுச்சீட்டுப் படத்தையும் சல்லியையும் அனுப்பிவிட்டு, ஒரு தங்கச்சி அழுதுகொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். இது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது.

ஆகவே, எந்தத் தேடுபொறியில் பார்த்தாலும் சரி, வெளிநாட்டு வேலை முகவருக்கு உரிமம் உண்டா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்தில் முதலில் கேளுங்கள். அதற்கு முன் அடையாள அட்டையோ பணமோ கொடுக்க வேண்டாம். நோயைப் பற்றி இணையத்தில் படித்தாலும் மருந்துக்கு டாக்டரிடமே போங்கள். ஒரு போனைப் பலர் பாவிக்கும் வீட்டில், தேடியதன் தடம் போனிலேயே இருக்கும். அதை அழித்துவிடுங்கள். விளங்காவிட்டால் படிக்கிற பிள்ளையிடமோ எங்களிடமோ கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.