சுருண்ட சிரைகளும் அறுவைச் சிகிச்சையின் நீண்ட காலப் பலனும்

சேலம் மாவட்டத்து ஆட்டையாம்பட்டி முறுக்குக்கும் நெசவுக்கும் பெயர் பெற்ற ஊராகும். அடுப்பங்கரையில் நிற்போரும், விசைத்தறியருகே நிற்போரும், சுற்றுப்புற வயல்களில் நின்று நீர் பாய்ச்சுவோரும் நாள்தோறும் பல மணி நேரம் நின்றே உழைக்கின்றனர். இத்தகையோர் சிலருடைய கெண்டைக்காலில் நீலக் கொடி போன்று புடைப்புகள் தோன்றுவதுண்டு. "நரம்பு சுருட்டிக்கொண்டது" என்று மக்கள் கூறுவது இதனையே. உண்மையில் அது நரம்பன்று; இரத்தத்தை இதயத்திற்குத் திருப்பிக் கொண்டு செல்லும் சிரையென்னும் குழாயாகும்.

கிணற்று மோட்டாரின் புட்வால்வு பழுதுற்றால், மேலேறிய நீர் மீண்டும் கிணற்றிலேயே இறங்கிவிடுகிறதன்றோ? சிரைக்குள்ளும் அத்தகைய சிறு கதவுகள் உள்ளன. அவை பழுதுற்றால் இரத்தம் காலில் தேங்கும். முதலில் வலியும் வீக்கமும், பின்னர் கணுக்காலருகே தோல் கருத்தலும், கவனியாது விடின் எளிதில் ஆறாத புண்ணும் உண்டாகும்.

பழுதுற்ற சிரையைத் தொடையிடுக்கில் கட்டி, உருவி எடுப்பது பழைய முறை. லேசர் முதலிய வெப்பத்தால் அதனை அடைத்துவிடுவது புதிய முறை. சிரையை நீக்கினால் இரத்தம் எவ்வழியே செல்லும் என்று அஞ்ச வேண்டுவதில்லை. காலின் உட்புறத்திலுள்ள பெருஞ்சிரைகளே அவ்வேலையைப் பெரும்பாலும் செய்கின்றன. அவை நலமாயுள்ளனவா என்பதை ஸ்கேன் மூலம் மருத்துவர் முன்னரே அறிந்துகொள்வார்.

இதன் பலன் எத்தனை காலம் நிலைக்கும்? பெரும்பாலோர்க்கு வலியும் வீக்கமும் குறைகின்றன. காற்புண்ணுற்றோரைப் பற்றி இங்கிலாந்தில் நடந்து 2007-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், அழுத்தக் கட்டு மட்டும் அணிந்தோருள் 4 ஆண்டுகளில் 100-க்கு 56 பேருக்குப் புண் மீண்டும் வந்தது. அறுவையும் செய்துகொண்டோருள் அது 31 பேருக்கே வந்தது. ஆயினும், 2013-இல் வெளியான டென்மார்க் ஆய்வில், உருவியெடுத்த கால்களுள் ஏறத்தாழப் பாதியில் 5 ஆண்டுகளுக்குள் புதிய புடைப்புகள் தோன்றின. வேறு சிரைகளின் கதவுகள் பழுதுறுவதும், வெட்டிய இடத்தில் புதுச்சிரைகள் கிளைப்பதும் இதற்குக் காரணங்களாம்.

ஆகவே, அறுவையோடு கடமை முடிந்ததெனக் கருதலாகாது. நாள்தோறும் நடத்தல், உடற்பருமனைக் குறைத்தல், ஓய்வில் காலை உயர்த்தி வைத்தல், மருத்துவர் கூறியவாறு அழுத்தக் காலுறை அணிதல் ஆகியன வேண்டும். புடைப்பு மீண்டும் தோன்றினால் தாமதியாது மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தாலோ மூச்சுத் திணறினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்க. சிரை உடைந்து இரத்தம் கசிந்தால், படுத்துக் காலை உயர்த்தி, தூய துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

கடைகளில் பணிபுரிவோர்க்கு இருக்கை அளிக்கத் தமிழ்நாடு 2021-ஆம் ஆண்டில் சட்டத் திருத்தம் செய்தது. அதே நன்னெறியைத் தறிக்கூடங்களிலும் பலகாரக் கூடங்களிலும் பரப்புதல் பஞ்சாயத்து அங்கத்தினர்களால் இயலும். ஒரு முக்காலியும் இடையிடையே சிறிது நடையும் பெருஞ்செலவன்று. உழைக்கும் கால்கள் நலமாயிருந்தாலன்றோ குடும்பமும் ஊரும் தளராது நிற்கும்!