பழைய ஹைபிரிட் கார்: கோளாறு எங்கே இருக்கும்?

சிரம்பான் வட்டாரத்தில் இன்று கைமாறிக்கொண்டிருக்கும் பழைய ஹைபிரிட் கார்களில் பல, ஒரு குறுகிய காலத்துக்குள் நாட்டுக்குள் வந்தவை. 2,000 சிசிக்கு உட்பட்டு, முழு வண்டியாக இறக்குமதியாகும் ஹைபிரிட் கார்களுக்கு மலேசிய அரசு இறக்குமதி வரியையும் கலால் வரியையும் விலக்கி வைத்திருந்தது. 2013 இறுதியோடு அந்தச் சலுகை முடிந்தது. அதற்குள் ஹோண்டா இன்சைட்டும் டொயோட்டா ப்ரியஸ் சி-யும் ஒரு லட்சம் வெள்ளிக்குக் கீழே விற்பனைக்கு வந்துவிட்டன. அதே காலத்தில், நம் மாநில எல்லையைத் தாண்டினால் வரும் மலாக்கா பெகோ ஆலையில் ஜாஸ் ஹைபிரிட்டை ஹோண்டா பூட்டத் தொடங்கியது.

அந்தக் கார்களுக்கெல்லாம் இப்போது பத்து வயதுக்கு மேல் ஆகிவிட்டது. இரண்டு மூன்று கை மாறி, லாபு, ரந்தாவ், சிலியாவ் பக்கத்துத் தோட்டங்களிலும், தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள் வாழும் தாமான்களிலும் நிற்கின்றன. நீலாய், செனவாங் தொழிற்சாலைகளுக்கும், நெடுஞ்சாலை ஏறிக் கோலாலம்பூருக்கும் தினமும் போய்வருகிறவர்களுக்கு எண்ணெய்ச் செலவைக் குறைக்கும் நல்ல வண்டி அது. ஆனால் ஒருநாள் மீட்டரில் ஓர் எச்சரிக்கை விளக்கு எரியும். யாரோ ஒருவர் "பேட்டரி போச்சு" என்பார். சில ஆயிரம் வெள்ளி செலவாகும் என்ற பயத்தில் வண்டியை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவார்கள். இது வருத்தமான வழக்கம். அந்த விளக்கு பெரிய பேட்டரியைக் குறித்துத்தான் எரிகிறது என்று பார்த்தவுடன் சொல்ல எவராலும் முடியாது. சோதித்த பிறகுதான் சொல்ல முடியும்.

முதலில் வண்டியின் அமைப்பைப் புரிந்துகொள்வோம். ஹைபிரிட் என்று பொதுவாகச் சொன்னாலும் டொயோட்டாவும் ஹோண்டாவும் அந்நாளில் செய்தவை இரண்டு வேறு இயந்திரங்கள். ஹோண்டா இன்சைட்டில் 1.3 லிட்டர் எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவே ஒரு மெல்லிய மின்மோட்டார் செருகப்பட்டிருக்கும். அதன் ஆற்றல் பத்துக் கிலோவாட். காரை இழுப்பது பெரும்பாலும் எஞ்சின்தான். மோட்டார் தோள் கொடுக்கிறது. அதன் பேட்டரி 84 செல்கள் கொண்ட 100.8 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை. அது செத்துப்போனாலும் எஞ்சினைக் கிளப்பச் சாதாரண ஸ்டார்ட்டர் ஒன்று இருப்பதால், வண்டி சோம்பலாகவாவது வீடு வந்து சேரும்.

ப்ரியஸ் அப்படியல்ல. அதில் தனி ஸ்டார்ட்டர் கிடையாது, ஆல்டர்னேட்டரும் கிடையாது. இரண்டு மின்மோட்டார்களும் எஞ்சினும் ஒரு கோள்பற்சக்கரத் தொகுதியில் இணைந்திருக்கின்றன. முதல் மோட்டார்தான் எஞ்சினைச் சுழற்றிக் கிளப்புகிறது. மூன்றாம் தலைமுறை ப்ரியஸின் பேட்டரியில் 28 மாடியூல்கள், ஒவ்வொன்றிலும் ஆறு செல்கள், மொத்தம் 201.6 வோல்ட். அதை இன்வெர்ட்டர் 650 வோல்ட் வரை உயர்த்தி மோட்டாருக்குக் கொடுக்கிறது. பெரிய பேட்டரி கைவிட்டால் எஞ்சின் நன்றாக இருந்தும் வண்டி நகராது. ஒருவருடைய இன்சைட் அனுபவத்தை வைத்து இன்னொருவருடைய ப்ரியஸுக்கு யோசனை சொல்லக்கூடாது என்பது இதனால்தான்.

இனி கோளாறுகளுக்கு வருவோம். மலிவானதிலிருந்து தொடங்குவதே சரியான வரிசை. முதலில் பார்க்க வேண்டியது 12 வோல்ட் சின்ன பேட்டரி. ப்ரியஸில் எஞ்சினைச் சுழற்றும் வேலை அதற்கு இல்லை. கணினிகளை எழுப்பி, உயர்மின் ரிலேக்களை மூடிவிடுவதோடு அதன் கடமை முடிகிறது. அதனால் அது தளர்ந்து வருவதை ஓட்டுநர் உணரவே மாட்டார். சாதாரண காரில் எஞ்சின் கிளம்பத் திணறும்போது தெரிந்துவிடும். இதில் ஒருநாள் காலையில் 'ரெடி' விளக்கு வராது, மீட்டரில் சம்பந்தமில்லாத விளக்குகளெல்லாம் ஒன்றாக எரியும். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை 2020 மார்ச் 18-ல் தொடங்கி, கார்கள் வாரக்கணக்கில் வாசலில் நின்றபோது இந்தத் தொல்லையை நிறைய பேர் கண்டார்கள். ஒரு மல்ட்டிமீட்டர் போதும். இரவு முழுக்க ஓய்ந்திருந்த நல்ல பேட்டரி 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். 'ரெடி'யில் இருக்கும்போது ஏறத்தாழ 14 வோல்ட் வர வேண்டும். வேறு காரிலிருந்து மின்சாரம் கொடுத்து எழுப்பலாம், ஆனால் கேபிளின் கூட்டல் கழித்தலை மாற்றிப் போட்டுவிட்டால் விலை உயர்ந்த மின்னணுப் பகுதிகள் கருகிவிடும். லோரிக்கு மின்சாரம் கொடுக்க ப்ரியஸைப் பயன்படுத்துவதும் வேண்டாம்.

அடுத்தது தூசி. நம் ஊருக்கு இதுதான் பெரிய எதிரி என்பது என் கருத்து. ப்ரியஸின் பெரிய பேட்டரியைக் குளிர்விப்பது காருக்குள் இருக்கும் காற்று. பின் இருக்கையின் பக்கவாட்டில் ஒரு சல்லடைத் திறப்பு இருக்கும். அதன் வழியே ஒரு சிறு மின்விசிறி காற்றை இழுக்கும். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் தினமும் போய்வரும் காரில், கால்களோடு வரும் மண்ணும் இருக்கைத் துணியின் நாரும் பூனை முடியும் சேர்ந்து அந்த விசிறியை மூடிவிடுகின்றன. பிள்ளைகளின் பள்ளிப்பையை அந்தத் திறப்பின்மேல் சாத்தி வைக்கும் வழக்கமும் உண்டு. வெளியே வெயில், உள்ளே காற்றோட்டமில்லாத பேட்டரி. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லின் ஆயுளைச் சூடு வேகமாகத் தின்னும். விசிறி வழக்கத்தைவிடச் சத்தமாக இரைந்தால் அதுவே முதல் எச்சரிக்கை. சல்லடையைக் கழற்றித் தூசி உறிஞ்சியால் சுத்தம் செய்வதை யாரும் வீட்டிலேயே செய்யலாம். விசிறியையே கழற்றிக் கழுவுவது பட்டறை வேலை.

சரி, பெரிய பேட்டரியே பழுதாகியிருந்தால்? டொயோட்டாவில் பொதுவாக வரும் கோளாறுக் கோட் பி0ஏ80. பேட்டரித் தொகுதி தேய்ந்துவிட்டது என்று அதற்குப் பொருள். ஆனால் அந்தக் கோட் எப்படி எழுகிறது என்று பார்த்தால் விஷயம் விளங்கும். மூன்றாம் தலைமுறை ப்ரியஸில் 28 மாடியூல்களை இரண்டிரண்டாகச் சேர்த்து 14 பிளாக்குகளாகக் கணினி கண்காணிக்கிறது. சுமை கூடும்போது ஒரு பிளாக்கின் வோல்ட் மற்றவற்றிலிருந்து ஒரு வோல்ட்டுக்கு மேல் விலகத் தொடங்கினால் அது சந்தேகப்படும். எல்லா மாடியூல்களும் வரிசைத் தொடராக இணைந்தவை. தீயணைக்க வரிசையில் நின்று வாளியைக் கை மாற்றும்போது ஒருவர் சோர்ந்தால் அத்தனை பேரும் காத்து நிற்பது போல, ஒரு மாடியூல் சோர்ந்தால் மற்ற 27-இன் பலமும் பயன்படாது.

இந்த விலகலுக்குச் செல்லின் தேய்வு மட்டும் காரணமல்ல. மாடியூல்களை இணைக்கும் செம்புத் தகடுகளில் நம் ஊர் ஈரக்காற்றில் பச்சைக் களிம்பு ஏறும். அளவெடுக்கும் மெல்லிய கம்பிகளின் முனைகளும் அரிக்கும். அப்போது நல்ல மாடியூல்கூடக் கெட்டதுபோல் காட்டும். தகடுகளைச் சுத்தம் செய்து, நட்டுகளைச் சரியான முறுக்கில் பூட்டியதும் சரியாகிவிடும் வண்டிகள் உண்டு. அதைப் பார்க்காமலே தொகுதியை மாற்றச் சொல்கிறவர் வாடிக்கையாளருக்கு அநியாயம் செய்கிறார்.

கெட்ட மாடியூலை மட்டும் மாற்றித் தருவதாகச் சொல்லும் பட்டறைகள் இருக்கின்றன. செலவு குறைவு, அதனால் மனம் அங்கேதான் போகும். ஆனால் அதே சூட்டில், அதே ஆண்டுகள் உழைத்த மற்ற மாடியூல்களும் களைத்தவைதான். நல்ல மாடியூல் ஒன்றை அவற்றின் நடுவே வைத்தால் அடுத்த பலவீனமானது சில மாதங்களில் முகம் காட்டும். எல்லா மாடியூல்களையும் தனித்தனியே சுமை கொடுத்து அளந்து, ஒத்த திறன் உள்ளவற்றை மட்டும் சேர்த்துக் கட்டிய தொகுதி என்றால் அது வேறு கதை. அதற்குப் பணம் கொடுக்கலாம். ஒன்றை மட்டும் மாற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இன்சைட்டில் இந்தத் தேய்வு வேறு விதமாகத் தெரியும்: முக்கால் இருந்த சார்ஜ் கோடுகள் ஏற்றத்தில் திடீரென்று அடிமட்டத்துக்கு விழும், பிறகு எஞ்சின் ஓயாமல் சார்ஜ் ஏற்றிக்கொண்டே இருக்கும்.

கோலா பிலா போகும் புக்கிட் புத்துஸ் மலைச்சாலை போன்ற ஏற்றத்தில் மட்டும் ப்ரியஸ் பலமிழந்து விளக்கைக் காட்டி, சமதளத்துக்கு வந்ததும் சரியானால் இன்வெர்ட்டரைச் சந்தேகப்பட வேண்டும். அதற்கென்று தனியாக ஒரு குளிர்நீர்ச் சுற்றும், அதை ஓட்ட ஒரு சிறு மின்பம்பும் உண்டு. வண்டி ஆறியிருக்கும்போது போனட்டைத் திறந்து, 'ரெடி'யில் வைத்து, இன்வெர்ட்டர் நீர்க்கலத்துக்குள் பாருங்கள். நீர் சுழன்று ஓட வேண்டும். அசையாமல் கிடந்தால் பம்பு நின்றுவிட்டது அல்லது காற்று அடைத்திருக்கிறது. பம்பின் விலை இன்வெர்ட்டரின் விலையோடு ஒப்பிட ஒன்றுமே இல்லை. மூன்றாம் தலைமுறை ப்ரியஸ் வாங்குகிறவர் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: 2014 பிப்ரவரியில் உலகெங்கும் ஏறத்தாழ 19 லட்சம் ப்ரியஸ்களை டொயோட்டா திரும்ப அழைத்து இன்வெர்ட்டரின் மென்பொருளை மாற்றியது. நம் வண்டிக்கு அது தேவைப்பட்டதா, செய்யப்பட்டதா என்பதைச் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து அறியலாம்.

அதே காரின் 1.8 லிட்டர் எஞ்சினில் காலையில் கிளப்பும்போது பயங்கர நடுக்கம் வந்து, குளிர்நீரும் கசிவில்லாமல் குறைந்துகொண்டே போனால், மின்பகுதியை விட்டுவிட்டு எஞ்சினைப் பாருங்கள். புகையைத் திருப்பி அனுப்பும் இஜிஆர் பாதையில் கரி அடைத்து, ஹெட் கேஸ்கெட் போவது அந்த எஞ்சினின் தெரிந்த நோய். இஜிஆர் கூலரைக் காலாகாலத்தில் கழற்றிச் சுத்தம் செய்தால் தவிர்க்கலாம். பிரேக்கைப் பொறுத்தவரை, மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பேடுகள் நெடுநாள் உழைக்கும். அதனாலேயே கழற்றப்படாமல் கிடந்து கேலிப்பர் ஊசிகள் துருப்பிடித்து இறுகும். ஆண்டுக்கொரு முறை கழற்றி மசகு போடச் சொல்லுங்கள்.

ஏர்கோன் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே தவறு நல்லெண்ணத்தோடே நடக்கிறது. ப்ரியஸின் ஏர்கோன் கம்ப்ரெஸர் பெல்ட்டில் ஓடுவதில்லை, உயர்மின்னில் ஓடுகிறது. அதற்குள் இருக்கும் மசகெண்ணெய் மின்காப்பாகவும் வேலை செய்ய வேண்டும். அதனால் என்டி-11 என்ற தனி எண்ணெய் அதற்கு. எல்லாக் கார்களுக்கும் போடும் பிஏஜி எண்ணெய் சிறிதளவு கலந்தாலும் காப்பு குறைந்து, மின்கசிவைக் குறிக்கும் பி0ஏஏ6 கோட் வரலாம், வண்டி 'ரெடி'க்கு வர மறுக்கலாம். கேஸ் ஏற்றுவதற்கு முன்பே கடைக்காரரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு, வீட்டில் செய்யக்கூடாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஆரஞ்சு நிறக் கேபிள் எதையும் தொடாதீர்கள். 100 வோல்ட்டும் 200 வோல்ட்டும் நேர்மின்சாரமாக உடலில் பாய்ந்தால் உயிரைக் குடிக்கும். பயிற்சி பெற்ற போமன்கூட முதலில் வண்டியை அணைத்து, 12 வோல்ட் முனையைக் கழற்றி, ஆயிரம் வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறை போட்டு, உயர்மின் சுற்றைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை உருவித் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். பிறகு பத்து நிமிடம் காத்திருப்பார். இன்வெர்ட்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் வடிவதற்கு அந்த நேரம் தேவை. அதன்பின் மீட்டர் வைத்துச் சுழியம் என்று கண்ணால் பார்த்த பிறகே கை வைப்பார். கையுறை இல்லாமல் பேட்டரி மூடியைத் திறக்கிற பட்டறையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். அங்கே வேலை செய்கிறவரின் உயிருக்கும் அது நல்லது.

எச்சரிக்கை விளக்கு எரிந்த வண்டியைக் கொண்டுபோகும்போது மூன்று விஷயங்களைத் தாளில் கேட்டு வாங்குங்கள்: எந்தக் கோட் வந்தது, சின்ன பேட்டரி எத்தனை வோல்ட், சுமையின்போது பெரிய பேட்டரியின் ஒவ்வொரு பிளாக்கும் எத்தனை வோல்ட். சரியான ஸ்கேனர் வைத்திருப்பவருக்கு இது பெரிய வேலையில்லை. அந்தத் தாள் கையில் வரும்வரை பேட்டரிக்கு முன்பணம் கொடுக்காதீர்கள், வண்டியையும் விற்றுவிடாதீர்கள்.